எழுபது எழுத்து

நீரோடியில் எங்கள் வீட்டு முன்னறை தமிழ்நாடு.
படுக்கையறைச் சன்னலோரம் போனால்
கைப்பேசி மாநிலம் மாறிவிடும்,
பொழியூர் டவர் கேரளத்துக்கு வரவேற்கும்.
புரண்டு படுத்தாலே எனக்குப் பயணம்.

ஹெல்மா நிஜமாகவே போயிருக்கிறாள்.
கொச்சியிலிருந்து செஷல்ஸுக்கு,
பன்னிரண்டு மீட்டர்ப் பாய்மரப் படகில்
நாலு பேரில் ஒருத்தியாக.
இந்தக் கரையில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள்,
பெண்கள் நாள் எண்ணுவார்கள்.
நான் ஐஸ் பிளான்டில் கணக்கெழுதுகிறவன்,
வள்ளம் ஆடுவதைப் பார்த்தாலே குமட்டும்.
"அவ அங்க பாய் கட்டுதா, நீ இங்க சோறு பொங்குதியா?"
என்று கேட்ட தோமிதாசனுக்கு
அன்றைய மீன்குழம்பில் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.
பிறகு அவர் கேட்கவில்லை.
கிண்ணமும் திரும்பி வரவில்லை.

படகில் ஒரு சின்னச் செயற்கைக்கோள் கருவி.
ஒரு செய்திக்கு நூற்றறுபது எழுத்து,
ஆங்கிலமென்றால்.
தமிழுக்கு எழுபதுதான்.
புள்ளி வைத்தால் ஒன்று, கொம்பு வைத்தால் ஒன்று
என்று எண்ணிக்கொள்ளும்.

முதல் வாரம் சிக்கனம் பார்த்து
ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்பினாள்.
அவள் சொன்ன மழை எனக்கு மலையாக வந்து சேர்ந்தது.
நடுக்கடலில் என்ன மலை என்று
ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அடுத்தது தமிழிலேயே வந்தது:
"காற்று இல்லை. பறக்கும் மீன் ஒன்று படுக்கையில். ரின்சி பல் விழுந்ததா?"
எண்ணிப் பார்த்தேன், அறுபத்தெட்டு.
இரண்டு மிச்சம் வைத்திருக்கிறாள்.
இரண்டில் என்ன சொல்ல முடியும்?
'நீ' சொல்லலாம்.
"விழுந்தது. நீ வரும்வரை கூரையில் எறியமாட்டோம்"
என்று பதில் போட்டேன்.
பல் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்
ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

நாலு மணிக்கு ஒருதரம் வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும்.
நகருவதா அது, எறும்பு யோசிக்கிற மாதிரி.
பதினொன்றாம் நாள் அதுவும் நின்றது,
மினிக்காய்க்குத் தென்மேற்கே.
எட்டு மணி நேரம். பதினாறு. முப்பத்தொன்று.
ஐஸ் கட்டிகளை இரண்டுமுறை தப்பாக எண்ணினேன்.
ரின்சியிடம், கருவி தூங்குகிறது என்றேன்.
"சார்ஜ் போடச் சொல்லுங்க" என்றாள்.
எதில் சொல்வது?

இருட்டுகிற நேரம் தோமிதாசன் வாசலில் நின்றார்.
"வயர்லெஸ்ஸில ஒனக்கொரு சேதி வந்திருக்கு, வா."

தூத்தூர் விசைப்படகொன்று அந்தப் பக்கம்
சூரைக்குப் போயிருக்கிறது.
வெள்ளைப் பாய் ஒன்று கிட்டே வந்து,
வெளிநாட்டுக்காரர்கள் என்று இவர்கள் கையாட்ட,
"ஏய், நீங்க எந்த ஊரு?" என்று ஒரு பெண் குரல்.
எட்டு எலுமிச்சம்பழம் கொடுத்து
ஒரு சூரை கேட்டாளாம்.
அவர்கள் சரி என்றபிறகு நாலாகக் குறைத்தாளாம்.
நீரோடிக்காரி என்று அப்போதே தெரிந்துவிட்டதாம்.

ஒரு படகு சொல்லி மறு படகு கேட்டு
அது வள்ளவிளைப் படகுக்குச் சொல்லி
மூன்று வாய் தாண்டி
இரைச்சலோடு வந்த சேதி இவ்வளவுதான்:
"கருவி ரிப்பேரு. ஆளு சுகம்.
மோட்டார நிறுத்தணுமாம்."

வயர்லெஸ்ஸைச் சுற்றி ஒரு தர்க்கம்.
எந்த மோட்டாரு? பாய்ப்படகுக்கு ஏது மோட்டாரு?
நம்ம படகு எஞ்சினயா சொல்லுதா?
வழியில் யாரோ சேதியைச் சிதைத்துவிட்டார்கள் என்று
ஒருவர் கோபப்பட்டார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது,
அத்தனை பேர் நடுவில்.

வீட்டுக்கு ஓடினேன்.
கிணற்று மோட்டார் நின்றுதான் இருந்தது.
தொட்டி வழியவில்லை.
ஆனாலும்
சுவிட்சை ஒருதரம் போட்டேன்,
அது உறுமட்டும் என்று கொஞ்சம் நின்றேன்,
பிறகு நிறுத்தினேன்.